ஐம்பத்தெட்டு நொடி

“பக்கத்தைச் சொல்லு” என்றாள் ராக்னி. தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அறிக்கையைப் புரட்டினாள்.

“முப்பத்தொண்ணு. கடைசிப் பக்கம். கீழேருந்து ரெண்டாவது வரி.”

“‘ஒரு வண்டியைப் படகில் ஏற்ற ஆன அதிகபட்ச நேரம்.’”

“அதேதான். எவ்வளவு போட்டிருக்கு?”

“அம்பத்தெட்டு நொடி.”

“அம்பத்தெட்டு நொடி” என்றான் மறுமுனையில் அன்ஃபின். “உன் மெஷினுக்குள்ள ஒரு வருஷம் முழுக்கப் படகு போகுது, வருது. ஒரு வண்டிக்குக்கூட அதுக்கு மேல ஆகல. இந்தப் பக்கத்தைக் கூட்டுறவுக் கடைச் சுவர்ல ஒட்டி வச்சிருக்காங்க, ராக்னி. நேத்துப் பால் எடுக்கப் போனேன், ஒரு கிழவன் கைக்குட்டையை ஆட்டறான். என்னடான்னு கேட்டா, பந்தயத்துல ஜெயிச்சுட்டியாமேங்கறான்.”

ராக்னி மேசையின் இழுப்பறையைத் திறந்து கறுப்பு அட்டை போட்ட நோட்டை எடுத்தாள். பிப்ரவரி ஒன்பது, முதல் வரி. பால் லாரி, நான்கு நிமிடம் பத்து நொடி. அவள் கையெழுத்துதான்.

“நீ என் லாரிக்குள்ள உக்காந்துதான் இதையெல்லாம் எழுதினே” என்றான் அன்ஃபின். “என் காப்பியைக் குடிச்சுக்கிட்டு.”

“உன் காப்பி நல்லாவே இல்ல.”

“அதுக்காகவா என்னை அம்பத்தெட்டு நொடியில ஏத்தினே?”

“இரு. பாத்துட்டுக் கூப்பிடறேன்.”

“வியாழக்கிழமை கமிட்டி. இன்னிக்குத் திங்கள்.”

“தெரியும்.”

“படகு போச்சுன்னா மாடு போச்சு. அதுவும் தெரியும்ல?”

அதுவும் அவளுக்குத் தெரியும். அன்ஃபின் தொலைபேசியை வைத்துவிட்டான்.

ட்ரொண்ட்ஹெய்மில் ராக்னி வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் கணினி நிரல் எழுதுகிறவர்கள் பதினொரு பேர். ராக்னி ரெக்டால் பதினொன்றாவது ஆள். வயது நாற்பத்துநான்கு. ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் பத்து வருடம் கணினி படிக்கும் அட்டை துளைத்தவள். ஆய்வுக்கூடத்துக்கும் அட்டை துளைக்கத்தான் வந்தாள். மற்றவர்கள் பென்சிலால் எழுதிக் கொடுக்கும் நிரலை வரிக்கு ஓர் அட்டையாகத் துளைத்துப் பெட்டியில் அடுக்கிக் கொடுக்க வேண்டும். படிக்க வேண்டிய அவசியமில்லை. அவள் படித்தாள். ஒருநாள் ஒரு தாளை எடுத்துக்கொண்டு பிரிவின் தலைவன் எஸ்கிலிடம் போய், “இந்த வரிக்கு உன் புரோகிராம் வரவே வராது. மேலேயே வெளியே போயிடுது” என்றாள். எஸ்கில் பத்து நிமிடம் தாளைப் பார்த்தான். பைப்பில் புகையிலையை அடைத்தான். மறுவாரம் கையேட்டைக் கொடுத்து, வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னான்.

அது இரண்டு வருடத்துக்கு முன்பு. பதிவேட்டில் இன்னும் அவள் அட்டை துளைப்பவள்தான். பதவியை மாற்றுவதற்கான தாள் எஸ்கிலின் மேசையில், பைப் சாம்பல் தட்டுக்குக் கீழே இருந்தது.

ஸ்குர்வா தீவின் வேலை அவளுக்கு வந்த முதல் பெரிய வேலை. தீவுக்கும் கரைக்கும் நடுவில் இரண்டு படகுகள் வண்டிகளை ஏற்றிப் போய்வந்தன. ஒன்று புதியது, ஒன்று பழையது. பழையதை நிறுத்திவிட்டால் என்ன என்று மாவட்டப் போக்குவரத்துக் குழு நினைத்தது. நிறுத்தினால் மக்கள் படகுத் துறையில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும் என்று கணினிக்குள் ஒரு வருடத்தை ஓட்டிப் பார்த்துச் சொல்லும்படி ஆய்வுக்கூடத்தைக் கேட்டது. அதற்கென்றே நோர்வேக்காரர்கள் உண்டாக்கிய நிரல் மொழி ஒன்று இருந்தது. படகு, வண்டி, வரிசை என்று இருப்பதை இருக்கிறபடியே எழுதலாம்.

போன பிப்ரவரியில் ராக்னி மூன்று வாரம் ஸ்குர்வா துறையில் நிறுத்து கடிகாரத்தோடு நின்றாள். இரண்டாம் நாள் விரல் மரத்து நோட்டைக் கீழே போட்டாள். பால் லாரிக்காரன் கதவைத் திறந்து, “உள்ள வா. நீ செத்துட்டா என்னைத்தான் விசாரிப்பாங்க” என்றான். அவன்தான் அன்ஃபின். அதற்குப் பிறகு லாரி வரும்போதெல்லாம் அவள் அதற்குள்ளிருந்துதான் எழுதினாள்.

ஒரு காரைப் படகில் ஏற்ற இருபத்தைந்து நொடி ஆகும், மிஞ்சிப் போனால் ஐம்பத்தெட்டு. பேருந்து வந்தால் ஆட்களை இறக்கி நடக்க விட்டு, பிறகுதான் பேருந்தை ஏற்றுவார்கள். பால் லாரி சமாச்சாரமே வேறு. தொட்டியின் வால் பக்கம் ஒரு குழாய் தாழத் தொங்குகிறது. கடல் வற்றியிருக்கும் நேரத்தில் படகின் பாலம் சரிவாக இறங்கும், குழாய் தட்டும். அதனால் பலகை போட்டு லாரியைப் பின்பக்கமாக ஏற்ற வேண்டும். நட்டநடுவில் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் படகு சாயும். முன்பே ஏறிய கார்கள் நகர்ந்து வழிவிட வேண்டும். இதற்குள் படகு புறப்பட வேண்டிய நேரம் தாண்டிவிடும். பால் பகல் இரண்டு மணிக்குள் கரையில் இருக்கும் பால் பண்ணைக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் இனி தீவில் பால் எடுப்பதில்லை என்று பண்ணை எழுதியிருந்தது. தீவில் இருபத்திரண்டு வீடுகள் மாடு வைத்திருந்தன.

கணக்கு வந்தது. ஒரே படகு ஓடினால் சராசரிக் காத்திருப்பு பத்தொன்பது நிமிடம். அறிக்கை அச்சானது. மேலட்டையில் எஸ்கில் பெயரும் அதற்குக் கீழே அவள் பெயரும். பெயர் அச்சாகி அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அக்காவுக்கு ஒரு பிரதி அனுப்பினாள்.

இப்போது நிரல் அச்சான நீண்ட தாளை மேசையில் விரித்து, ஒவ்வொரு வரியின் கீழும் மர அளவுகோலை வைத்துக்கொண்டே வந்தாள்.

முதலில் ‘வண்டி’ என்றொரு பொது வகை. அதற்கு நீளம் உண்டு, எடை உண்டு, ‘ஏற்றும் நேரம்’ என்று கேட்டால் பதில் சொல்லும் ஒரு சிறு கணக்கு உண்டு. அந்தக் கணக்கு இருபத்தைந்திலிருந்து ஐம்பத்தெட்டுக்குள் குலுக்கிப் போட்டு ஒரு எண்ணைச் சொல்லும். அதன் கீழே தனி வகைகள். பேருந்து, பால் லாரி, பின்னால் சக்கர வீட்டை இழுத்து வரும் கார். ஒவ்வொன்றும் வண்டிதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ‘ஏற்றும் நேரம்’ என்ற அதே பெயரில் சொந்தக் கணக்கு இருந்தது. பால் லாரியின் கணக்கில் பலகை, கடல் மட்டம், நகரும் கார்கள் எல்லாம் இருந்தன. நோட்டிலிருந்து வரிக்கு வரி எடுத்து அவளே எழுதியது. அதில் பிழை இல்லை.

சோதித்தும் பார்த்திருந்தாள். ‘லாரி’ என்று ஒரு பெயர் வைத்து, அது பால் லாரி வகை என்று அறிவித்து, அதன் ஏற்றும் நேரத்தைக் கேட்டாள். நான்கு நிமிடம் பத்து என்றது. மறுபடி கேட்டால் மூன்று ஐம்பது. பேருந்தைக் கேட்டாள், அதுவும் சரியாகச் சொன்னது. பிறகுதான் எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்தினாள்.

அளவுகோல் இருநூற்றுப் பதினான்காம் வரியில் நின்றது. வரிசையின் தலைக்கு வருகிற வண்டிக்கு ‘அடுத்தது’ என்று பெயர் வைத்திருந்தாள். அடுத்து எது வரும் என்று யாருக்கும் தெரியாது. கார் வரலாம், பேருந்து வரலாம். அதனால் ‘அடுத்தது’ என்பது ‘வண்டி’ வகை என்று அறிவித்திருந்தாள். வேறு எப்படி அறிவிப்பது? அதற்கு அடுத்த வரியில் அடுத்ததின் ஏற்றும் நேரம் கேட்கப்பட்டது.

ராக்னி அளவுகோலை எடுக்கவில்லை. அட்டைகளைப் படித்து இயந்திர மொழிக்கு மாற்றுகிற கம்பைலராகத் தன்னை நினைத்துக்கொண்டு அந்த வரியைப் படித்தாள். அது படிக்கும் நேரத்தில் துறையில் ஒரு வண்டியும் இல்லை. படகு இல்லை, கடல் இல்லை. பெயர்கள் மட்டும் இருக்கின்றன. ‘அடுத்தது’ என்ற பெயருக்கு எதிரே என்ன வகை எழுதியிருக்கிறது? வண்டி. சரி, வண்டியின் ஏற்றும் நேரம். அதை அந்த வரியோடு முடிச்சுப் போட்டுவிட்டு அது அடுத்த வரிக்குப் போய்விட்டது. பிறகு நிரல் ஓடத் தொடங்கி, அந்தப் பெயரில் பத்து டன் பாலோடு அன்ஃபின் வந்து நின்றாலும் முடிச்சு முடிச்சுதான். அவனைப் பார்த்து நீ யார் என்று கேட்க யாரும் இல்லை.

சோதனையில் ஏன் தெரியவில்லை என்பதும் புரிந்தது. அங்கே பெயருக்கு எதிரே பால் லாரி என்றே எழுதியிருந்தது. முடிச்சு சரியான இடத்தில் விழுந்தது.

நான்கு நிமிடக் கணக்கு நிரலுக்குள் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. ஒரு வருடமும் அதை யாரும் கூப்பிடவில்லை.

பதினொன்றரை மணிக்கு எல்லோரும் சாப்பாட்டு அறைக்குப் போனார்கள். எஸ்கில் ரொட்டித் துண்டுகளுக்கு நடுவில் வைத்திருந்த எண்ணெய்த் தாளை உரித்து மடித்துக்கொண்டிருந்தான். மறுநாளைக்கும் அதே தாள்தான். ராக்னி எதிரே உட்கார்ந்தாள். பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

“அறிக்கை தப்பு, எஸ்கில்.”

“எந்த அறிக்கை?”

“ஸ்குர்வா.”

“அச்சுப் பிழையா?”

“இல்ல. பால் லாரி காராயிடுச்சு. பஸ்ஸும் காராயிடுச்சு.”

அவன் மெல்லுவதை நிறுத்தினான். அவள் சொன்னாள். பாதியிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் முழுவதும் கேட்டான்.

“சோதிக்கலியா?”

“சோதிச்சேன். ஒவ்வொண்ணையும் அதோட சொந்தப் பேர்ல கூப்பிட்டுப் பாத்தேன். ஒழுங்காத்தான் பதில் சொல்லுச்சு. வரிசையில எல்லாத்தையும் ‘வண்டி’ன்னு கூப்பிட்டுட்டேன்.”

“விர்ச்சுவல் போடலியா?”

“நீதான் போடாதேன்னே.”

“தேவையில்லாத இடத்துல போடாதேன்னேன்.”

“தேவையான இடம் எதுன்னு சொல்லல.”

எஸ்கில் பழுப்புப் பாலாடைக் கட்டியை ரொட்டியின் ஓரத்துக்கு நகர்த்தினான். “சொல்லல” என்றான். அடுத்த மேசையில் யாரோ சிரித்தார்கள்.

அந்த அறையில் அது எழுதாத சட்டம். வகையின் தலைப்பில் ‘விர்ச்சுவல்’ என்று ஓர் அட்டை வைத்தால், இந்தக் கணக்கை இப்போது முடிச்சுப் போடாதே, ஓடும்போது வந்து நிற்கிற ஆளைக் கேட்டுக்கொள் என்று அர்த்தம். ஒவ்வொரு முறையும் கேட்க நேரம் பிடிக்கும். கணினி நேரத்துக்குப் பத்து அலுவலகங்கள் சண்டை போட்டன. அதனால் முடிகிறதை முன்னாலேயே முடித்துவிடு என்பான் எஸ்கில். முட்டாள்தனமான சட்டமில்லை. ஒருமுறை அவள் தவறிப்போய்ப் பேருந்திடம் அதன் பால் குழாயின் உயரத்தைக் கேட்டு எழுதிவிட்டாள். கம்பைலர் ஓடவிடாமலேயே அட்டையைத் திருப்பி அனுப்பியது. ஓடிய பிறகு தெரிந்திருந்தால் ஒரு நாள் போயிருக்கும். பெயரையும் வகையையும் பார்த்தே பாதிப் பிழைகளை வாசலில் நிறுத்திவிடும் அந்தக் கண்டிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது.

“கடிதம் போடறேன்” என்றான் எஸ்கில். “திருத்திட்டு, நிதானமா ஓட்டிப் பாத்துட்டு, அடுத்த மாசம் புது அறிக்கை.”

“வியாழக்கிழமை முடிவு எடுக்கறாங்க. கடிதம் வெள்ளிக்கிழமைதான் போகும்.”

“நாளைக்கு மெஷின் கிடையாது. மின்சாரக் கம்பெனியோட கணக்கு ஓடுது.”

“என்கிட்ட சிவப்பு அட்டை இருக்கு.”

இயந்திர அறை வாசலில் ஒரு தட்டு. அட்டைப் பெட்டிகளை அதில் வரிசையாக வைக்க வேண்டும். ஆனால் எல்லோருக்கும் வருடத்துக்கு ஒரு சிவப்பு அட்டை உண்டு. அதைப் பெட்டியின் மேல் செருகினால் வரிசையைத் தாண்டிப் போகலாம். டிசம்பரில் வேண்டியிருக்கும் என்று எல்லோரும் பதுக்கி வைப்பார்கள். ராக்னி இரண்டு வருடமும் பயன்படுத்தவில்லை.

“ஒண்ணு சொல்லட்டுமா?” என்றான் எஸ்கில். “இப்ப இதைப் பெரிசு பண்ணினா உன் தாள் மேல போகாது. மேல இருக்கறவங்களுக்கு விர்ச்சுவல் தெரியாது. ரெக்டால் தப்புப் பண்ணிட்டாள்னு மட்டும்தான் தெரியும்.”

“தப்புப் பண்ணினது ரெக்டால்தானே” என்றாள் ராக்னி. பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.

புதிய அட்டையை அவளே துளைத்தாள். ஒரே ஓர் அட்டை. ‘வண்டி’ வகையின் தலைப்புக்குக் கீழே செருகினாள். ஆனால் அறுநூற்றுப் பன்னிரண்டு அட்டைகளையும் கம்பைலர் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். பழைய முடிச்சுகள் முன்பே மாற்றி வைத்த இயந்திர மொழிக்குள் இருந்தன. அட்டையைப் புதிதாக வைத்தால் மட்டும் அவை அவிழாது. செவ்வாய் காலை பெட்டியைத் தட்டில் வைத்துச் சிவப்பு அட்டையைச் செருகினாள். இயந்திர அறைப் பெண் எட்டிப் பார்த்து, “யாரு செத்தது?” என்றாள்.

“இன்னும் யாரும் இல்ல.”

புதன் காலை பத்து மணிக்குத் தாள் வந்தது. ராக்னி முதலில் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். அதிகபட்ச நேரம் ஆறு நிமிடம் பன்னிரண்டு நொடி. பிறகு முதல் பக்கம். ஒரே படகு ஓடினால் சராசரிக் காத்திருப்பு எழுபத்துநான்கு நிமிடம். ஐந்து நாளில் மூன்று நாள் பால் இரண்டு மணிக்குள் போய்ச் சேரவில்லை. இரண்டு படகுகள் ஓடினால் இருபத்திரண்டு நிமிடம், பால் தினமும் சேர்ந்தது.

எஸ்கில் தாளின் மூலையில் கையெழுத்துப் போட்டான். “நானும் வரட்டுமா?”

“வேணாம். நீ நீளமாப் பேசுவே.”

மத்தியானப் பேருந்தில் ஏறி, கடைசிப் படகைப் பிடித்துத் தீவுக்குப் போனாள். பிப்ரவரியில் தங்கியிருந்த ஆசிரியை வீட்டிலேயே தங்கினாள்.

குழு வியாழக்கிழமை பத்து மணிப் படகில் வந்து இறங்கியது. பதினொரு பேர். துறைக்கு மேலே இருந்த இளைஞர் மன்றக் கூடத்தில் கூட்டம். மாதர் சங்கம் வாஃபிளும் காப்பியும் வைத்திருந்தது. தீவுக்காரர்கள் சுவரோரம் நின்றார்கள். அன்ஃபின் கதவுக்குப் பக்கத்தில், கையில் லாரிச் சாவியோடு. தலைவர் ஹால்வர்ட் ட்வெய்ட்டென் முன்னால் தட்டச்சு செய்த ஒரு தாள் இருந்தது. தீர்மானம். கையெழுத்து மட்டும் பாக்கி.

ராக்னி எழுந்து, அறிக்கை தவறு என்றாள். இரண்டு அட்டவணைகளையும் மேசைமேல் வைத்தாள். கறுப்பு நோட்டையும் வைத்தாள்.

ஹால்வர்ட் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “போன மாசம் பத்தொம்பது நிமிஷம். இப்ப எழுபத்துநாலு. அடுத்த மாசம் எவ்வளவு?”

“எழுபத்துநாலு. ஒண்ணு ரெண்டு கூடக் குறைய இருக்கலாம்.”

“நீங்க எழுதினதுதானே அதுவும்?”

“ஆமா.”

“அப்ப என்ன தப்பு பண்ணிச்சு மெஷின்?”

“மெஷின் பண்ணல. நான் பண்ணினேன்.” ராக்னி கொஞ்சம் யோசித்தாள். “வரிசையில நிக்கற எல்லாத்தையும் வண்டின்னு எழுதி வச்சேன். எழுதினதைப் படிக்கறப்பவே, வண்டின்னா இவ்வளவு நேரம்னு முடிவாயிடுச்சு. லாரி துறைக்கு வர்றதுக்கு முன்னாலேயே. அது வந்தப்புறம் யாரும் அதைத் திரும்பிப் பாக்கல.”

“கமிட்டி மாதிரி” என்றான் கதவோரத்திலிருந்து அன்ஃபின்.

சுவரோரம் சிரிப்பு எழுந்தது. குழுவிலும் இருவர் சிரித்தார்கள். ஹால்வர்ட் சிரிக்கவில்லை. தன் முன்னால் இருந்த தாளைக் குப்புறத் திருப்பி வைத்தார்.

“அப்ப எல்லாத்தையும் வந்தப்புறமே முடிவு பண்ணற மாதிரி எழுதிட வேண்டியதுதானே? தொல்லை விட்டுது.”

“வேணாம். படகு எவ்வளவு நீளம்கிறது ஓட ஓட மாறாது. அதை முன்னாலேயே முடிவு பண்ணினாத்தான் சீக்கிரம் ஓடும். தப்பா எழுதியிருந்தாலும் ஓட்டறதுக்கு முன்னாலேயே மாட்டிக்கும். ஒரே பேர்ல வேற வேற ஆள் வந்து நிக்கற இடத்துல மட்டும்தான் வந்த ஆளைக் கேக்கணும். எனக்கு அந்த ஒரு இடம் தெரியாமப் போச்சு.”

ஹால்வர்ட் நோட்டைப் புரட்டினார். “நாலு நிமிஷம். நாலரை. அஞ்சு. இதை யார் அளந்தது?”

“நான்.”

“லாரிக்காரனோட லாரிக்குள்ள உக்காந்து” என்றார் குழுவில் ஒருவர். “அவன் காப்பியைக் குடிச்சுட்டு.”

“அந்தக் காப்பிக்கு யாரும் பொய் சொல்ல மாட்டாங்க” என்றாள் ராக்னி.

மணி பன்னிரண்டு இருபது. அன்ஃபின் சாவியை ஆட்டிக் காட்டினான். “பன்னெண்டரை படகுக்கு நான் போகணும். சந்தேகப்படறவங்க வந்து பாருங்க. வெளியதான் இருக்கு லாரி.”

ஹால்வர்ட் எழுந்தார். குழு முழுக்க வாஃபிளைக் கையில் பிடித்தபடி பின்னாலேயே இறங்கியது. கடல் வற்றியிருந்தது. பாலம் சரிவாக இறங்கியிருந்தது. முன்பே ஏறியிருந்த ஐந்து கார்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. படகின் ஆள் பலகைகளைப் போட்டான், ஒன்று நழுவியது, மறுபடி போட்டான். லாரி பின்னால் நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. ஹால்வர்ட் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராக்னி தன் நிறுத்து கடிகாரத்தை எடுக்கவில்லை.

“வேணும்னே மெதுவா ஏத்தறான்” என்றார் காப்பியைப் பற்றிச் சொன்னவர்.

படகின் ஆள் பலகையிலிருந்து நிமிர்ந்தான். “அப்ப நீ வந்து ஏத்து. குழாய் உடைஞ்சா பால் கடலுக்கு, நீ ஊருக்கு.”

“அஞ்சு நிமிஷம் அஞ்சு நொடி” என்றார் ஹால்வர்ட். மேலே ஏறிப் போனார்.

கால் மணி நேரம் பேசினார்கள். ஏழுக்கு நான்கு என்று முடிந்தது. பழைய படகு அடுத்த இலையுதிர் காலம் வரை ஓடும். குறிப்பேட்டில் எழுதியதைச் செயலாளர் படித்தார்: ‘கணினிக் கணக்கின் நம்பகத்தன்மை குறித்து ஐயம் எழுந்துள்ளதால்.’

ராக்னி கையைத் தூக்கினாள். “முதல் கணக்குதான் தப்பு. ரெண்டாவது சரி. அதனாலதான் படகு வேணும்னு எழுதணும்.”

ஹால்வர்ட் அவளைப் பார்த்தார். கடுமை இல்லை. களைப்பு இருந்தது. “பாருங்க, ரெக்டால். ஐயம்னு எழுதினா ஏழு ஓட்டு. சரியான கணக்குன்னு எழுதினா எனக்கு அஞ்சுதான் வரும். பழைய கணக்கை நம்பினவங்க ரெண்டு பேர் அதுல இருக்காங்க. உங்களுக்குப் படகு வேணுமா, அந்த ஒரு வரி வேணுமா?”

அவள் வெளியே பார்த்தாள். பால் லாரி நடுவில் நிற்க, படகு பாதித் தூரம் போயிருந்தது.

“படகு” என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ராக்னி ஏழு மணிப் படகில் கரைக்கு வந்தாள். பழைய படகு. மேல்தளத்தில் தடித்த இனிப்பு அப்பம் ஒன்று வாங்கிச் சாப்பிட்டாள். பேருந்து ட்ரொண்ட்ஹெய்முக்கு ஒன்றரை மணிக்கு வந்தது. மழை பெய்துகொண்டிருந்தது. அலுவலகத்துக்குப் போய், தான் எழுதிய மற்ற பதினான்கு நிரல்களின் தாள்களையும் அலமாரியிலிருந்து இறக்கினாள். ஒரே பெயரில் இரண்டு கணக்குகள் இருக்கும் இடங்களைத் தேடினாள். நான்கு நிரல்களில் இருந்தன. மூன்று சரி. ஒன்று தவறு. ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடம் பற்றியது. அதன் அறிக்கை இன்னும் வெளியே போகவில்லை. ஓர் அட்டை துளைத்து அந்தப் பெட்டியில் செருகினாள். இந்த வருடத்துச் சிவப்பு அட்டை முடிந்துவிட்டதால் பெட்டியைத் தட்டின் கடைசியில் வைத்தாள். அதற்கு முன்னால் ஒன்பது பெட்டிகள் இருந்தன. எஸ்கில் ஊரில் இல்லை. அவன் மேசையில் சாம்பல் தட்டும் அதன் கீழே அந்தத் தாளும் இருந்தன. நான்கு மணிக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.